ஐப்பசித் தண்ணீர்

எனக்கு மழை பிடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அரசு நீர் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை அதிகாரியாக வந்ததிலிருந்து, வருஷா வருஷம் ஐப்பசியை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

கிருபாபாய் எங்கள் கூடத்தில் இளநிலை விஞ்ஞானி, கெட்டிக்காரி. 1985 சித்திரையில் சேத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போய், ஊர்க்கிணற்றில் தண்ணீர் மாதிரி எடுத்து வந்தாள். பக்கத்தில் பூச்சிமருந்து கலக்கும் ஆலை. டிரம் கழுவிய தண்ணீர் கிணற்றில் இறங்கியிருந்தது. இதைக் குடித்தால் பிள்ளைகள் பிழைக்காது என்று அறிக்கை எழுதி என் மேசையில் வைத்தாள். கையோடு ஊரிலும் சொல்லிவிட்டாள். சனங்கள் ஒரு மைல் நடந்து வேறு கிணற்றில் எடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆலைக்காரர் அமைச்சருக்கு மைத்துனர். சென்னையிலிருந்து போன் வந்தது. மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். கூடத்தை நடத்துவதா மூடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பதினாலு குடும்பம் அதை நம்பி இருந்தது. நான் ஒரு எண்ணைக்கூடத் திருத்தவில்லை. ஒரு தடவை எடுத்த மாதிரி போதாது, ஐப்பசியில் மறுபடி எடுக்க வேண்டும், அதுவரை அறிக்கை வெளியே போகக் கூடாது என்று மட்டும் கோப்பில் எழுதினேன்.

"ஐப்பசியில கெணறு நெறஞ்சு கெடக்கும் சார். வெசம் கரைஞ்சு அளவுக்குள்ள வந்துரும். கோடையிலதான சார் அது கொல்லும்" என்றாள் கிருபாபாய்.

"ஆராய்ச்சி உன் பொறுப்பும்மா. எந்த மாசம்ங்கிறது என் பொறுப்பு" என்றேன்.

ஐப்பசியில் எல்லாம் அனுமதித்த அளவுக்குள் இருந்தது. அறிக்கை போயிற்று. அவளைத் தருமபுரிக்கு மாற்றினேன். அங்கே ஆராய்ச்சி கிடையாது, கிடங்கில் குழாய்களை எண்ணும் வேலை. ஆனாலும் ஊர்க்காரர்கள் பழைய கிணற்றுக்குத் திரும்பவில்லை. எனக்கு அது மனத்தாங்கலாக இருந்தது. அரசாங்கம் மெனக்கெட்டுக் கண்டுபிடித்ததை நம்ப வேண்டாமா? அந்த ஐப்பசி முடிவதற்குள் நானே ஜீப்பில் போனேன். கருத்தையா என்ற சம்சாரி, அந்த ஊர் விவசாயி, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

"அந்தம்மா குடிக்காதீகன்னு சொல்லிட்டுப் போச்சு. நீங்க பெரிய ஆபீசரு, சொல்லுங்க சார். குடிக்கலாமா?"

ஒரு வாளி இறைக்கச் சொல்லி, அத்தனை பேரும் பார்க்க ஒரு செம்பு குடித்தேன். தண்ணீர் நன்றாகவே இருந்தது. கருத்தையாவும் வாங்கிக் குடித்தார். மறுநாளிலிருந்து ஊரே அங்கே எடுத்தது.

அடுத்த சித்திரையில் ஆறு பிள்ளைகள் போய்விட்டன. இரண்டாவது, கருத்தையாவின் பேத்தி. எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் கிடந்த மற்றப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு வாங்கி அனுப்பினேன்.

சித்திரையில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமா என்றுதானே கேட்டீர்கள். தெரியும். அதனால்தான் ஐப்பசியில் போய்க் குடித்தேன்.