தலைவர் நாக்கும் ஓடிஸ் வனைந்த ஜாடியும்

— ...ஆகவே, பெரியோர்களே, சலைன் கவுண்டி வண்ணக் களிமண் ஜாடி சேகரிப்போர் சங்கத்தின் தலைவராகிய ஹாலிஸ் டார்வர் எனும் நான், இம்மாவட்ட வரலாற்றிலேயே மகத்தானதோர் அறிவிப்பை இன்று வெளியிடவிருக்கிறேன்!

— மிஸ்டர் டார்வர், மைக் வேலை செய்யல.

— என் குரலுக்கு மைக் எதுக்கு, வெர்னா அம்மா? ஜாடியைக் கொடுங்க. என்னது, அடியில முத்திரையே இல்ல? இதைக் கண்காட்சியில வச்சா தலைநகர் லிட்டில் ராக்காரன் சிரிப்பான்.

— எங்கப்பா ஓடிஸ் கேடி வனைஞ்சது சார். பழுப்பு, நீலம், வெள்ளைன்னு மூணு மண்ணையும் ஒண்ணா சக்கரத்துல ஏத்தி, சுழிசுழியா... ஆயுசு பூரா பட்டறையில கிடந்தாரு. எந்தக் கண்காட்சி அட்டையிலயும் அவர் பேரு இல்ல. இன்னிக்கு இதுலயாவது வரட்டும்.

— பேரு சும்மா வராது. அசல்னா வெளிப்பக்கம் மெருகு இருக்காது. நாக்கை வச்சா பச்சக்னு ஒட்டணும்.

— ஐயோ, நாக்கு வேணாம்! விரலால தடவிப் பாருங்களேன்.

— விரல் பொய் சொல்லும். இந்த நாக்குதான் நம்ம சங்கத்தோட சுப்ரீம் கோர்ட்டு. சோப்பு கீப்பு போட்டுக் கழுவலையே?

— தண்ணியே காட்டக் கூடாதுன்னு நீங்கதானே நோட்டீஸ் அடிச்சுக் கொடுத்தீங்க? ஒரு சொட்டு படல.

— வெர்னா, சொல்லித் தொலையேன்.

— டாய்ல், நீ புருஷனா லட்சணமா என் பையைப் பிடிச்சுக்கிட்டு நில்லு.

— ம்ம்ம்... ஒட்டுது! ஒட்டுதும்மா! ஆஹா, என்னா ஒரு கரிப்பு! சலைன்னாலே உப்புதானே, உப்பு விளைஞ்ச பூமியாச்சே! இதான்யா நம்ம மண்ணோட ஆத்மா!

— அப்ப அட்டையில கையெழுத்து?

— இந்தாங்க. 'அசல். வனைந்தவர்: ஓடிஸ் கேடி.' போதுமா?

— போதும் சார், போதும். டாய்ல், அட்டையை ஜாடி முன்னால வை. நல்லா நேரா வை. கிளம்புவோம்.

— எங்க ஓடுறீங்க? இந்த ருசியை நான் ஒருத்தனே அனுபவிச்சா பாவம். செயற்குழு! வரிசையா வாங்க! பாஸ்டர், நீங்க முதல்ல!

— வெர்னா, நம்ம பாஸ்டர். நாக்கை நீட்டிக்கிட்டே வர்றாரு.

— எனக்கும் கண்ணு இருக்கு. பாஸ்டர், நில்லுங்க! அங்கேயே நில்லுங்க!

— ஏம்மா தடுக்கிறீங்க?

— அப்பா கடைசியில படுத்த படுக்கையா இருந்தாரு, சார். ஒண்ணுக்குப் போக இதைத்தான் பிடிப்போம். பாதி வெளியிலதான் வழியும்.