கழுவிய கற்கள்

பிறைத் துறைமுகத்துக்குப் போகும் நீராவிப் படகில் என் பின்னால் இருந்த ஒருவர், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார்: "சுத்தமா வேலை செஞ்சே ஒரு துரைய அழவச்சவன் அண்ணே நான்."

"என்ன வேலை தம்பி?"

"பகாங் மலையில, தங்கம் எப்படி உண்டாச்சுன்னு ஆராயுற துரைக்குக் கல்லு தூக்குறது. பாறை வெடிப்புல வெள்ளைக்கல்லு இருக்கும், அதுக்குள்ளதான் தங்கம். எடுத்த எடத்துக்கு ஒரு நம்பர் போட்டு, சீட்டு எழுதிக் கல்லுல ஒட்டுவாரு. நான்தான் பெரிய புத்திசாலியாச்சே! எல்லாத்தையும் ஆத்துல தேச்சுக் கழுவிட்டேன். ஒரு சீட்டும் மிஞ்சல."

"அடிச்சாரா?"

"கண்ணு கலங்கி உக்காந்துட்டாரு. எந்த வெடிப்பு, பக்கத்துல என்ன பாறைன்னு தெரியாட்டி ஒண்ணும் சொல்ல முடியாதாம். மூணு வாரம் மறுபடி மலையேறினோம். அப்புறம் ஒரு கல்லப் பூதக்கண்ணாடியில காட்டினாரு. உள்ள துளித் தண்ணி! பூமிக்கடியிலேருந்து கொதிச்சு ஏறின தண்ணிதான் கல்லையும் தங்கத்தையும் வெடிப்புல விட்டுட்டுப் போச்சாம்."

"நீ என்ன சொன்னே?"

"தண்ணி செஞ்ச கல்லத் தண்ணியில கழுவினா என்ன தப்பு துரைன்னு கேட்டேன்."

பெரியவர் படகே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"அவரும் இப்படித்தான் சிரிச்சாரு. அன்னையிலேருந்து சீட்டு ஒட்டுறது என் வேலை. வேற யாரையும் கிட்ட விடமாட்டேன் லா. என்னைய மாதிரி இன்னொரு புத்திசாலி வந்துட்டா?"