மகாராணி போன தூரம்

லண்டனில், அப்டன் பார்க் நிறுத்தத்தில் ஏறிய வயதான தம்பதி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். தமிழ் காதில் விழுந்தால் கேட்காமல் இருக்க நான் இன்னும் பழகவில்லை. மனைவிதான் தொடங்கினார்.

"பிரான்சின்ர கடைசி மகாராணியும் எங்களைப்போலத்தான். பிறந்தது வேற நாடு, பிறகு பிரான்ஸ், கடைசியில இங்கிலாந்து."

"உமக்கு ஆர் சொன்னது?"

"போன கிழமை கோயில் ஆக்களோட போய் அவவின்ர கல்லறையைப் பாத்தனான். ஒரே மகன். ஆப்பிரிக்காவில சண்டையில செத்தவன்."

கணவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உடம்பு கப்பலில வந்து சேந்ததாம். எண்டாலும் பிள்ளை விழுந்த இடத்தைப் பாக்கவேணுமெண்டு அவ்வளவு தூரம் போனவ."

"இப்ப என்னத்துக்கு உந்தக் கதை?"

"எங்கட பிள்ளை வன்னியில செத்தவன். அவன்ர உடம்பும் வரேல்லை, நாங்களும் போகேல்லை."

"போய் என்னத்தைப் பாக்கிறது? வெறும் பத்தையும் புல்லும்."

"அவவும் புல்லைத்தான் பாத்திருப்பா."

ஃபாரஸ்ட் கேட் நிறுத்தம் வந்தபோது மணியை அழுத்திவிட்டுக் கணவர் கேட்டார்.

"அந்த மனுசி தனியவோ போனவ?"

"துணைக்கு வேற ஆக்கள் போனவை. புருசன் அதுக்கு முதலே செத்திட்டார்."

அவர் எழுந்து, மனைவியின் மடியிலிருந்த காய்கறிப் பையை வாங்கிக்கொண்டார்.

"நான் இருக்கிறன்தானே," என்றார்.