வெனிலா பூத்த காலை

பல்லேபொல போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்து சீட் அக்காவிடம் சொன்னாள்: “ஃபேஸ்புக்க அழிச்ச பிறகுதாங்க்கா எங்க வெனிலா காய்ச்சிச்சு.”

“ஏன்டி, கொடியும் ஒனக்கு ஃப்ரெண்டா இருந்திச்சா?”

“சிரிக்காதீங்க. பூ விடிய விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள வாடிரும். அதுக்குள்ள நம்மதான் பூந்தூள கையால சேத்து வைக்கணும். நான் ஃபோன பாத்து முடிச்சிட்டுப் போறப்ப எல்லாம் சுருங்கிக் கெடக்கும். காய்க்காத கொடின்னு அவரு வெட்டவே கத்திய எடுத்துட்டாரு.”

“பொறகு?”

“இந்தத் தடவ விடியறதுக்கு முன்னமே போய் நின்னேன். கண்ணு முன்னாலயே விரிஞ்சிச்சுக்கா. மூச்சு விடவே பயமா இருந்திச்சு. ஈர்க்குச்சியால மெதுவா தொட்டு வச்சேன். இப்ப கொத்துக் கொத்தா காய்.”

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. “அந்தப் பூ விரியறத எனக்குக் காட்டேன். வீடியோ எடுத்திருப்பியே?”

“எப்பிடிக்கா? ரெண்டு கையும் பூவுலதானே இருந்திச்சு.”