சின்னக் கீறல்கூட இல்லை

பிரவீன்: அந்த டிரம்ம இன்னொரு தபா தட்டு மச்சி.

பேச்சிராஜ்: வேண்டாம்டே... கேக்கவே சகிக்கல.

பிரவீன்: தட்டுன்றேன்ல... ஆங். டப்பாக்குள்ள வண்டு மாட்டிக்கின மாதிரி கீது.

பேச்சிராஜ்: அடித் தோலு கண்ணாடி மாதிரிதான இருக்கு, டார்ச் அடி. அந்தா... உள்ள மரத்துல ஒரு கோடு போகுதுல்லா?

பிரவீன்: ஆமா. மேலேர்ந்து கீழ வரிக்கும் போவுதே. இன்னாடா அது?

பேச்சிராஜ்: விரிசல். வெளிய பட்டி வச்சு மூடி, பெயிண்ட் அடிச்சு வித்துருக்கான்.

பிரவீன்: ஏன்டா, வல்லத்துல கார் கம்பெனில டெய்லி பம்பர் பெயிண்ட்ட லைட்ல காட்டிக் காட்டி ரிஜக்ட் பண்றவன் நீ. உன்னையே ஏமாத்திட்டானா?

பேச்சிராஜ்: அதனாலதாம்டே ஏமாந்தேன். ஆன்லைன் விளம்பரத்துல இருந்த போட்டோவப் பெருசாக்கி ஒவ்வொரு இஞ்சாப் பாத்தேன். தூசி இல்ல, பெயிண்டு வழியல... நம்ம லைன்ல வந்தா கண்ண மூடிக்கிட்டு பாஸ் போடுவேன்.

பிரவீன்: நாப்பது வருசத்து டிரம்மு இப்பிடி பளபளன்னு கீதேன்னு தோணல?

பேச்சிராஜ்: பளபளன்னு இருந்தா நல்லதுன்னுதான தோணும்...

பிரவீன்: பழைய சாமான்னா பழசா இருக்கணும் மச்சி. சரி, அந்தாள் இன்னா போட்ருந்தான்?

பேச்சிராஜ்: "பழைய ஸ்நேர் டிரம். ஷோரூம் கண்டிஷன். சின்னக் கீறல்கூட இல்லை." காலைல போன் போட்டேன். "தம்பி, கீறல் இல்லன்னுதான போட்டேன். விரிசல் இருக்கான்னு நீங்க கேக்கவே இல்லியே"ங்கான்.

பிரவீன்: யப்பா. வக்கீலுக்குப் படிச்சிருப்பான் போல... திருப்பி அனுப்பிடு.

பேச்சிராஜ்: திருப்பி எடுக்க மாட்டானாம். கடைசி வரில பொடி எழுத்துல போட்டுருக்கான்.

பிரவீன்: அப்ப உங்க மாமாவாண்ட உண்மைய சொல்லிடு.

பேச்சிராஜ்: மாமா இல்லடே, அத்தான். அக்கா வீட்டுக்காரரு. அவருகிட்ட எப்படிச் சொல்ல... இன்னிசைக் குழுல இருவது வருசமா அவருதான் டிரம்மு. இப்பக் கொஞ்ச நாளாத் தாளம் தப்புது. டிரம்மு சரியில்லங்காரு. பழைய மரத்து டிரம்மு இருந்தா எல்லாம் சரியாயிரும்னு தெனமும் சொன்னாரு. அதான் தேடிப் புடிச்சேன்.

பிரவீன்: சரி, இது இல்லன்னா வேற ஒண்ணு.

பேச்சிராஜ்: செவ்வாக்கிழமை ஊர்ல கோயில் கொடைத் திருவிழா. அன்னைக்கும் தாளம் தப்புச்சுன்னா வேற ஆளப் போட்டுருவோம்னு குழுல சொல்லிட்டாவ. அந்தக் குழு இல்லன்னா அத்தான் மனுசனாவே இருக்க மாட்டாரு.

பிரவீன்: விரிசல்னு கண்டுபுடிச்சிடுவாரா?

பேச்சிராஜ்: தெருமுனைல எவனாவது டிரம்மு தட்டுனா எந்த ஸ்குரு லூசுன்னு வீட்டுக்குள்ள இருந்து சொல்லுவாரு... அய்யோ, அக்கா போன்ல கூப்புடுதா. சத்தம் போடாத.

இசக்கிசெல்வி: ஏல தம்பி, டிரம்மு வந்துட்டா?

பேச்சிராஜ்: வந்துட்டுக்கா.

இசக்கிசெல்வி: எப்படி இருக்கு?

பேச்சிராஜ்: அது... சின்னக் கீறல்கூட இல்லக்கா.

பிரவீன்: டேய், அவன் சொன்னதையே நீயும் சொல்லிக்கினு கீற.

இசக்கிசெல்வி: கூட யாரு?

பேச்சிராஜ்: கூட வேலை பாக்கவன். நாளைக்கு ஓ.டி வேண்டாம்னு சொல்லிட்டேன்க்கா. சிங்கப்பெருமாள் கோவில்ல ஏறி, செங்கல்பட்டுல ரயில் மாறி வாரேன். அத்தான்கிட்டச் சொல்லிரு. நான் போன் போட்டா எடுக்கவே மாட்டேங்காரு.

இசக்கிசெல்வி: நீதான் வாய்ஸ் டைப் பண்ணி அனுப்புதியே. அதை வாசிச்சுக்கிடுதாரு.

பேச்சிராஜ்: அவருதான எழுதி அனுப்புங்காரு. முன்னல்லாம் போன வைக்கவே விடமாட்டாரு.

இசக்கிசெல்வி: வயசாவுதுல்லா... ஆளு மாறத்தான் செய்யும்.

கொம்பையா: யாரு செல்வி? மாப்ளயா? இங்க குடு. மாப்ள, டிரம்மு வந்துட்டால?

பேச்சிராஜ்: அத்தான், ஏன் இப்படிக் கத்துதிய? காது கிழியுது.

இசக்கிசெல்வி: இங்க சிக்னல் சரியில்லல... ஏங்க, நாளைக்கு அவனே கொண்டு வாரான். நேர்ல பாத்துக்கிடுங்க.

கொம்பையா: ஸ்பீக்கர்ல போடு. தட்டச் சொல்லு, கேக்கணும்.

பேச்சிராஜ்: இல்ல அத்தான்... இங்க ஃபேன் சத்தமா இருக்கு.

இசக்கிசெல்வி: ஒரு தட்டு தட்டு தம்பி. இல்லன்னா விடமாட்டாரு.

பிரவீன்: ஓரத்துல மெதுவா தட்டு. நடுவுல வேணாம்.

பேச்சிராஜ்: ...தட்டிட்டேன் அத்தான்.

கொம்பையா: ஆகா. மணி மாதிரில்லா கேக்கு. மரம்னா மரம்தாம்ல.

பேச்சிராஜ்: அத்தான்... ஒண்ணும் வித்தியாசமாக் கேக்கலியா?

இசக்கிசெல்வி: நல்லா இருக்குன்னு சொல்லிட்டாருல்லா. போன வையி.

கொம்பையா: இன்னும் ஒரு தடவ. இப்ப உருட்டி அடி மாப்ள.

பிரவீன்: அடிடா. இன்னா கம்மு உக்காந்துகினு கீற?

பேச்சிராஜ்: இருடே... உருட்டுனா விரிசல் கேட்டுரும்.

கொம்பையா: அடேயப்பா... உருட்டு எப்படி விழுது பாத்தியா. இதத்தாம்ல நான் தேடிட்டு இருந்தேன். செல்வி, கேட்டியா?

இசக்கிசெல்வி: கேட்டேங்க. நல்லா இருக்கு. நீங்க போய்க் குளிங்க, தண்ணி ஆறுது... நான் பேசிட்டு வாரேன்.

பேச்சிராஜ்: அக்கா...

இசக்கிசெல்வி: சொல்லுல.

பேச்சிராஜ்: நான் ரெண்டாவது தட்டவே இல்லியேக்கா.

இசக்கிசெல்வி: ...தெரியும்ல.

பேச்சிராஜ்: என்னக்கா தெரியும்?

இசக்கிசெல்வி: ஸ்பீக்கர அமத்திட்டேன், இரு... பொங்கலுக்கு முன்னாடியே அத்தானுக்கு ஒரு காது போச்சு. இப்ப மத்ததும் போய்க்கிட்டு இருக்கு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. டிரம்மு வந்தா மனசு தேறும்னு நானும் பேசாம இருந்துட்டேன்.

பேச்சிராஜ்: அப்ப செவ்வாக்கிழமை?

இசக்கிசெல்வி: ஊரே உக்காந்திருக்கும். அத்தன பேரு முன்னால அவரு தப்புத் தப்பா அடிச்சுட்டு முழிக்கதை என்னால பாக்க முடியாது தம்பி... அந்த டிரம்முல ஏதாச்சும் கொறை இருக்கா, நல்லாப் பாத்துச் சொல்லு. எழுதி அனுப்பிரு. டிரம்மு சரியில்லன்னு சொல்லியே இந்தக் கொடைக்குப் போகாம இருந்துக்கிடட்டும்.

பேச்சிராஜ்: இருக்குக்கா... மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு விரிசல் இருக்கு.