கை பார்த்த சூடு

தசரதன்: ...மீனுதானா அது, அமலி சிஸ்டர்? தறி மேல போத்தியிருந்தா தறியே காணாம போயிருக்கும்! வாலு மட்டும் கண்ணமங்கலம் வரைக்கும் நீண்டுகினு...

ரங்கம்மாள்: முறம் அளவு திருக்கை, சிஸ்டர். மீன்காரி வால நறுக்கத்தான் போனா. என் வூட்டுக்காரருதான், ‘அப்பிடியே குடு, தெருவே பாக்கட்டும்’னு தொங்கவுட்டுகினு வந்தாரு. ஆயும்போது வால் முள்ளு உள்ளங்கையில ஏறிடுச்சு.

அமலி: செத்த மீனு முள்ளுலயும் விஷம் இருக்கும்மா. ஒடைஞ்சி உள்ள நிக்கலயே?

தசரதன்: நானே புடுங்கினேன். ஒரு கத்து கத்துனா பாரு... கோட்டை மைதானத்து மாடெல்லாம் செய்யாறுக்கு ஓடிடுச்சி!

அமலி: பெரியவரே, ஞாயித்துக்கிழம குத்துனதுக்கு இன்னிக்கு வரீங்க. அப்புறம் என்னா பண்ணீங்க?

தசரதன்: கடலோரத்து ஆளுங்க பண்றதுதான். வெந்நீர்ல முக்குனா விஷம் அடங்கும், வலி கொறயும். ஜல்தியா தவலையில தண்ணி காய வெச்சி கைய முக்கிட்டேன். அப்புறம் மஞ்ச வெச்சி கட்டு.

அமலி: வெந்நீர் சரிதான். ஆனா தாங்குற சூடா இருக்கணும். சூடு பாத்தது யாரு?

தசரதன்: என்னா இப்பிடி கேட்டுட்ட! பட்டுக்கு சாயம் போட்ட கைம்மா இது. கொதிக்கிற தொட்டியில வுட்டு, ‘இன்னும் ஒரு வெறகு தள்ளு’ம்பேன். பட்டறைக்கே தெர்மாமீட்டரு!

அமலி: அந்தக் கைய ஏன் துண்டுல சுத்தி வெச்சிகினு இருக்கீங்க?

தசரதன்: ஃபேனு காத்து... குளுருது.

அமலி: இந்த வேக்காட்டுலயா? ...சரி. அம்மா, முள்ளு குத்துன ஓட்ட இத்தினூண்டு. மணிக்கட்டு வரைக்கும் தோலு கழண்டு வருதே... இது மீனு பண்ணதில்ல. வெந்துபோன கை.

ரங்கம்மாள்: நான்தான்... இவரு அந்தாண்ட போனப்போ, வலி தாங்காம கொதிக்கிற தண்ணிய ஒரு சொம்பு ஊத்திகினேன்.

அமலி: அய்யோ... வெரல மடக்குங்க.

ரங்கம்மாள்: மடங்கல. நெசத்த சொல்லு சிஸ்டர்... மறுபடி தறியில ஒக்காருவனா?

அமலி: ரெண்டு வெரலு கருத்துகினு வருது... இருங்க, டாக்டர கூட்டினு வரேன்.

தசரதன்: ...போயிட்டா. ஏண்டி பொய் சொன்ன? நான் எங்கயும் போவலயே.

ரங்கம்மாள்: தெரியும். பக்கத்துலயேதான் இருந்த.

தசரதன்: சுட்டா சொல்றதுக்கென்ன?

ரங்கம்மாள்: ‘சுடுது, வுடுய்யா’ன்னு கத்துனேனே. ‘விஷம் எறங்குது, பொறுத்துக்கோ’ன்னு இன்னும் அமுக்குன.

தசரதன்: சத்தியமா ரங்கா... எனக்கு வெதுவெதுன்னுதான்...

ரங்கம்மாள்: வெதுவெதுன்னு கூட இல்ல. சொல்லு.

தசரதன்: சூடே தெரியல, ரங்கா.

ரங்கம்மாள்: அன்னிக்கு ஒருநாளு பீடி உன் வெரல சுட்டு நாத்தம் அடிக்குது, நீ கதை சொல்லி சிரிச்சிகினு இருந்த. நான்தான் புடுங்கிப் போட்டேன். அன்னிக்கே தெரியும்.

தசரதன்: ...வெளிய சொல்லிடாத. பட்டறையில பேரு போயிடும்.

ரங்கம்மாள்: பேரு கெடக்கட்டும். டாக்டரு வர்றதுக்குள்ள அந்தத் துண்ட அவுத்துடு. என் கைய அமுக்கிப் புடிச்சிகினு உன் கையும் அதே தண்ணியிலதான இருந்துச்சு... என்னுதாவது வலிக்குது.