முகாமுக்கு வந்த ஒத்த ஆம்பளை

நர்ஸ் முத்துமீனா: ...அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே. ஆட்டோவும் ஓட்டலாம், மூட்டையும் தூக்கலாம். ரெண்டு நாளு ரெஸ்ட்டு, அம்புட்டுத்தான்.

முத்துப்பாண்டி: இல்ல சிஸ்டர்... பேசிக்கிறாக. பண்ணுனா ஆம்பளை ஒடம்பு விட்டுப்போயிரும்னு...

முத்துமீனா: யாரு பேசிக்கிறது? பண்ணுனவுகளா, பண்ணாதவுகளா?

முத்துப்பாண்டி: பண்ணுனவுகள நான் ஒருத்தரையும் பாத்ததில்லையே.

முத்துமீனா: நான் மட்டும் எங்க பாக்குறேன்? ஆம்பளைகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு முகாம்னு பேனர் கட்டி மூணு நாளாச்சு. இன்னைக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான். அங்கிட்டு பொம்பளைக வார்டுல போய்ப் பாருங்க, ஒரு கட்டில் காலியில்ல.

முத்துப்பாண்டி: ஹும்...

முத்துமீனா: சரி, பாரத்த முடிப்போம். முத்துப்பாண்டி, வயசு முப்பத்து மூணு, உசிலம்பட்டி பக்கம். வீட்டுக்காரம்மா பேரு?

முத்துப்பாண்டி: கனகா.

முத்துமீனா: புள்ளைக?

முத்துப்பாண்டி: ரெண்டு. ரெண்டும் பொண்ணு.

முத்துமீனா: வீட்டுல சொல்லிட்டுத்தான வந்தீங்க?

முத்துப்பாண்டி: சொன்னா விடாது சிஸ்டர். 'சம்பாதிக்கிற ஒடம்பு, ஒங்களுக்கு எதுக்கு, நானே பண்ணிக்கிறேன்'னு நிக்கும். அதுக்கு இருதயத்துல கோளாறு. ரெண்டாவது பிரசவத்துல ஆறு பாட்டில் ரத்தம் ஏத்தித்தான் பொழச்சுச்சு. இனிமே ஒரு பிரசவம் தாங்காது, மயக்க மருந்து குடுக்குறதே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாக. அதான்... முடிஞ்ச பெறகு சொல்லிக்கிருவோம்னு.

முத்துமீனா: சட்டப்படி ஒங்க கையெழுத்து போதும். ஆனா சொல்லிட்டுப் பண்ணுங்கண்ணே. டாக்டர் வர அரைமணி ஆகும், அதுக்குள்ள யோசிங்க.

முத்துப்பாண்டி: சரி... அய்யய்யோ! பாரத்த எடுங்க சிஸ்டர், எடுங்க!

முத்துமீனா: என்னாச்சு?

முத்துப்பாண்டி: அந்தா வாராரு பாருங்க, பெரிய மீசை... எம்மச்சான் காளை. கனகாவுக்குக் கூடப்பொறந்த அண்ணன். அவரு காதுக்குப் போச்சுன்னா ஊருக்கு மைக்செட்டே வேணாம்.

காளை: யாரு... மாப்ளையா? என்னய்யா இங்க ஒக்காந்திருக்க?

முத்துப்பாண்டி: வாங்க மச்சான், வாங்க. பல்லு... பல்லு வலி.

காளை: பல்லுக்குப் பாக்குறது அந்தக் கோடியிலல்ல?

முத்துப்பாண்டி: அங்க கூட்டம். அதான் செத்த நேரம் இங்க...

காளை: எந்தப் பக்கம் வலி?

முத்துப்பாண்டி: இடது பக்கம்.

காளை: வலது கன்னத்தப் புடிச்சிருக்க.

முத்துப்பாண்டி: ரெண்டு பக்கமும் மச்சான்.

முத்துமீனா: பல் டாக்டர் இன்னும் வரலைங்க. வந்ததும் நானே கூப்புடுறேன். நான் உள்ள போறேன்.

முத்துப்பாண்டி: ரொம்ப நன்றி சிஸ்டர்... நீங்க என்ன மச்சான் இங்கிட்டு?

காளை: எனக்கு... சுகரு. டெஸ்ட்டுக்கு வந்தேன்.

முத்துப்பாண்டி: சுகரா? போன வாரந்தான் எங்க வீட்டுல ஏழு அதிரசம் தின்னீக!

காளை: அதான் டெஸ்ட்டு.

முத்துப்பாண்டி: துண்டுக்குள்ள என்ன சுத்தி வச்சிருக்கீக?

காளை: டப்பாய்யா. ஒண்ணுக்குப் புடிக்கிற டப்பா. எல்லாத்தையும் கேக்கணுமா ஒனக்கு?

முத்துப்பாண்டி: சரி சரி. அக்கா வரலையா?

காளை: ரெங்கம்மா மேல மாடியில இருக்கா. அவளுக்கு முதுகு வலி... தள்ளி ஒக்காரு. என்னா கூட்டம்யா இது! சந்தைக்குள்ள புகுந்த மாதிரி இருக்கு.

முத்துப்பாண்டி: செவத்துல எழுதியிருக்கதப் பாத்தீகளா? ஒலகத்துல எண்ணூறு கோடிப் பேராம்.

காளை: எண்ணூறு கோடியும் இன்னைக்கு இங்கதான் வந்திருக்கு. ஒனக்கென்ன, ஷேர் ஆட்டோக்காரன். ஜனம் கூடுனாத்தான சவாரி?

முத்துப்பாண்டி: ஜனத்தோட ஆட்டோவுந்தான மச்சான் கூடுது? ஒத்தச் சவாரிக்கு எட்டு ஆட்டோ பாயுது. நேத்து ஒருத்தரு எவன் வண்டியில ஏறுறதுன்னு தெரியாம பஸ்ஸுல ஏறிப் போயிட்டாரு.

காளை: ஹா... சரி, அத விடு. ரெண்டும் பொண்ணாப் போச்சே, மூணாவது எப்ப? எங்காத்தா என்னயப் போட்டு அரிக்குது. 'மாப்ளைய ஒரு வார்த்தை கேளுடா, கேளுடா'ன்னு.

முத்துப்பாண்டி: இல்ல மச்சான்.

காளை: என்ன இல்ல? பேரன் ஒருத்தன் வேணும்ல? சாமிக்கு நேந்துக்கிட்டு...

முத்துப்பாண்டி: மச்சான்... கனகா செத்துரும்.

காளை: ஏய்! என்ன பேச்சுப் பேசுற?

முத்துப்பாண்டி: டாக்டர் சொன்னதச் சொல்றேன். ஆறு பாட்டில் ரத்தம். கையெல்லாம் சில்லுன்னு ஆகிப்போச்சு மச்சான், நாந்தான் புடிச்சுக்கிட்டிருந்தேன். இருதயம் தாங்காதாம்.

காளை: ரத்தம் ஏத்துனது தெரியும்... இம்புட்டுன்னு தெரியாதேய்யா. ஏன் ஒருத்தரும் சொல்லல?

முத்துப்பாண்டி: ஒங்காத்தாட்ட சொல்லக் கூடாதுன்னு கனகா சத்தியம் வாங்கிக்கிருச்சு. 'ஒரு பேரனுக்கு வக்கில்லாத சீக்காளி'ன்னு ஊரு சொல்லிரும்னு பயம்.

காளை: அடக் கிறுக்குக் கழுத... எந்தங்கச்சி...

முத்துமீனா: முத்துப்பாண்டி அண்ணே, டாக்டர் இங்க வரக் கெளம்பிட்டாகளாம். மாத்திக்கிறதுக்கு லுங்கி கொண்டு வந்தீங்களா?

முத்துப்பாண்டி: ஆங்... பையில இருக்கு சிஸ்டர்.

காளை: பல்லுக்கு எதுக்குய்யா லுங்கி? மாப்ள. என்னயப் பாரு. அந்தப் பேனர்ல எழுதியிருக்கதுக்கா வந்திருக்க?

முத்துப்பாண்டி: ஆமா மச்சான். அதுக்குத்தான். சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க. டீக்கடையில போய்ச் சொல்லணும்னாலும் சொல்லுங்க.

காளை: நான் சிரிக்கலையே.

முத்துப்பாண்டி: கனகாவுக்காக மட்டும் இல்ல மச்சான். எங்க கெணறு தெரியும்ல? எங்க தாத்தா தனி ஆளா வெட்டுனது. அவருக்கு ஏழு மகங்க. ஏழு பேருக்கும் சேத்து நாங்க இருபத்தாறு பேரங்க. இப்ப கெணத்துல பங்கு இருபத்தாறு. எனக்கு மோட்டார் முறை இருபத்தாறு நாளைக்கு ஒருக்கா வரும். அதுவரைக்கும் எந்தப் பயிரு காத்துக்கிட்டு நிக்கும், சொல்லுங்க? சுத்தி எல்லாரும் ஆயிரம் அடிக்குப் போர்வெல் போட்டதுல இருந்த ஊத்தும் போச்சு. அதனாலதான ஆட்டோவுக்கு வந்தேன்?

காளை: எங்க கெணத்துல பத்தொம்பது பங்கு.

முத்துப்பாண்டி: எண்ணூறு கோடியெல்லாம் எம்மண்டைக்கு எட்டல மச்சான். இருபத்தாறு எட்டுது. எம்புள்ளைக ரெண்டு பேரோட நிக்கட்டும். அந்த ரெண்டையும் நல்லாப் படிக்க வச்சிருவேன்.

காளை: அந்தக் கணக்க நானும் ஒரு காலத்துல போட்டவன்தான்... சரி, பயப்படாத. மரத்துப்போற ஊசி மட்டும் எறும்பு கடிச்சாப்ல இருக்கும். பத்து நிமிசம். தையல் கெடையாது. ஆனா மூணு மாசம் சாக்கிரதையா இருக்கணும். மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட்டு எடுக்கச் சொல்லுவாக, அத மறந்துறாத.

முத்துப்பாண்டி: இம்புட்டும் ஒங்களுக்கு எப்படி மச்சான் தெரியும்?

காளை: எவனோ சொன்னான். கனகாட்ட சொல்லிட்டியா?

முத்துப்பாண்டி: முடிஞ்ச பெறகு...

காளை: ஆகாது.

முத்துப்பாண்டி: என்ன மச்சான் நீங்களும் நர்ஸம்மா மாதிரி...

காளை: ஆகாதுங்கிறேன்ல! பெறகு சொல்லுவோம், பெறகு சொல்லுவோம்னா அந்தப் பெறகு வரவே வராதுய்யா. இன்னைக்கு ராத்திரி சொல்லுவோம்னு தோணும், அன்னைக்குன்னு பாத்து அவ சந்தோசமா இருப்பா. நாளைக்குன்னு தோணும், அன்னைக்கு அழுதுக்கிட்டு இருப்பா. போனப் போடு.

முத்துப்பாண்டி: இப்பவா? அழுகும் மச்சான்.

காளை: அழுகட்டும். ஒரு நாள்தான அழுகும். போடு.

முத்துப்பாண்டி: ...ஹலோ. கனகா... சாப்புட்டியா? ...இல்ல, சும்மாதான். ...சத்தமா? ஆஸ்பத்திரி. ...அய்ய, எனக்கு ஒண்ணும் இல்ல, ஆட்டோவும் நல்லா இருக்கு. கேளு. அந்த ஆபரேசன்... நீ வேணாம், நான் பண்ணிக்கிறேன். ...ஆமா, நாந்தான். ...கத்தாத. ஏ, கத்தாத புள்ள, ஒங்கண்ணன் பக்கத்துலதான் இருக்காரு. ...ஒனக்கு ஏதாச்சும்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு. அந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? ...ஹலோ? ...ம். ...ம். ...சரி. ...இட்லி ரெண்டு தின்னேன். ...சரி, வாரேன்.

காளை: என்னங்கிறா?

முத்துப்பாண்டி: மொதல்ல வஞ்சுச்சு. கிறுக்குப் பயன்னுச்சு. பெறகு... சாப்புட்டீகளான்னு கேட்டுச்சு. சாயங்காலம் ஆட்டோ ஓட்டாதீக, பஸ்ஸுல வாங்கன்னுச்சு.

காளை: அம்புட்டுத்தானா?

முத்துப்பாண்டி: அம்புட்டுத்தான் மச்சான்.

காளை: ...அம்புட்டுத்தானா.

முத்துப்பாண்டி: ஏன் மச்சான், கண்ணு கலங்குது?

காளை: ஃபேன் காத்து.

முத்துமீனா: இங்க காளைங்கிறது யாருங்க? ரெங்கம்மாள் வீட்டுக்காரரு?

காளை: ...நாந்தான்.

முத்துமீனா: எதுத்த லேப்ல ஒங்களத் தேடுறாக. டப்பாவ வாங்கிட்டு வந்து ரெண்டு மணி நேரமாச்சாமே?

முத்துப்பாண்டி: சுகர் டெஸ்ட்டுக்கு இம்புட்டு அவசரமா சிஸ்டர்?

முத்துமீனா: சுகரா? இது கொழந்தைக்காகப் பாக்குறவுக... ஐயோ, ஒங்களுக்குத் தெரியாதா? நான் வாய விட்டுட்டேன். மன்னிச்சுக்கங்கண்ணே. சீக்கிரம் குடுத்துருங்க.

முத்துப்பாண்டி: மச்சான்... முதுகு வலின்னீக?

காளை: நீ பல்லு வலின்ன.

முத்துப்பாண்டி: ...சரிதான். அக்கா இன்னொரு புள்ளைக்குப் பாக்குதா?

காளை: பாப்பா பொறந்து பதினொரு வருசம் ஆச்சு. அதோட நின்னுபோச்சு. எங்காத்தா சும்மா இருக்குமா? 'ஒத்தப் பொட்டப்புள்ளையோட மலடாப் போனவ'ன்னு நாளும் பொழுதும் ஏச்சு. அவளும் போகாத கோயில் இல்ல. தரையில சோத்தப் போட்டு மண்சோறு தின்னா மாப்ள. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். எந்த ஊரு லேகியமோ, எந்தச் சூரணமோ, எது குடுத்தாலும் முழுங்குவா.

முத்துப்பாண்டி: பாவம்யா அக்கா...

காளை: இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம்னு அவளே கெளம்பிட்டா. இங்க வந்தா, வீட்டுக்காரரும் டெஸ்ட்டு குடுக்கணும்ங்கிறாக.

முத்துப்பாண்டி: குடுங்க மச்சான், இதுல என்ன வெக்கம்? கொறை ஒங்ககிட்டயே இருந்தாலும் மருந்து மாத்திரை இருக்கும்ல?

காளை: இதுக்கு மருந்து இல்ல மாப்ள.

முத்துப்பாண்டி: பாக்காமலே எப்படிச் சொல்றீக? என்ன இருந்துறப் போகுது... மச்சான், போன் அடிக்குது. அக்காதான். எடுங்க.

காளை: எடுக்க மாட்டேன்.

முத்துப்பாண்டி: எடுங்க மச்சான். எதுக்குக் கூப்புடுதோ.

காளை: ...சொல்லு ரெங்கம்மா. ...என்னது? வயித்துல ஓட்டை போட்டா? எதுக்கு? ...உள்ள அடைப்பு இருக்கான்னு பாக்கவா? ...மயக்க ஊசியா? ...இல்ல, பொறு. நீ கையெழுத்துப் போட்டியா? ...போடாத. ...பயப்படலைங்கிறது தெரியும். நீ எதுக்குப் பயந்திருக்க? போடாதங்கிறேன்ல!

முத்துப்பாண்டி: மச்சான், மெதுவா... எல்லாரும் பாக்குறாக.

காளை: பாக்கட்டும். ...ரெங்கம்மா, பக்கத்துல பெஞ்சு இருக்கா? ஒக்காரு. ...ஒக்காந்துட்டியா? அந்தப் பேப்பரக் கீழ வையி. ஒனக்குள்ள ஒரு கோளாறும் இல்ல. ...டாக்டர் சொல்லல, நான் சொல்றேன். ...எப்படித் தெரியும்னா... பாப்பாவுக்கு ஒரு வயசு ஆனப்ப, கரும்பு வெட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு அஞ்சு நாளு வீட்டுக்கு வராம இருந்தேன்ல... நான் வெட்டுக்குப் போகல ரெங்கம்மா. ஆபரேசன் பண்ணிக்கிட்டேன்.